மதுரை வெயிலில் இறால் தொட்டி: ஃபில்டர் எது, குளிரூட்டும் கருவி எது?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் முதல் மாடியில் குடியிருக்கிறோம், எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இரண்டடித் தொட்டி ஒன்று இருக்கிறது. முதலில் செர்ரி இறால் வளர்த்துப் பழகிய பிறகு கிரிஸ்டல் ரெட் என்ற இறால் வகையை வளர்க்கலாம் என்று எண்ணுகிறேன். கேனிஸ்டர் ஃபில்டரும் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) சில்லரும் (தண்ணீரைக் குளிரூட்டும் கருவி) இல்லாமல் இறால் வளர்க்கவே முடியாது என்கிறார் கடைக்காரர். இரண்டும் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: செர்ரி இறாலுக்கு இரண்டுமே வேண்டியதில்லை. கிரிஸ்டல் ரெட் என்றால் சில்லரைத் தவிர்ப்பது கடினம்; அப்போது கேனிஸ்டருக்கும் ஒரு வேலை வந்துவிடும். செர்ரி இறாலுக்கு 20 முதல் 26 டிகிரி வரை உகந்தது. 28 டிகிரியிலும் அது குஞ்சு பொரிக்கும். 30 டிகிரியைச் சில மணி நேரம் தாங்கும், நாள்கணக்கில் நீடித்தால் நலியும். கிரிஸ்டல் ரெட்டுக்கு 20 முதல் 24 வரைதான் வசதி. 26-க்கு மேல் சில நாட்கள் நின்றாலே இழப்புத் தொடங்கிவிடும்.

ஆகவே கருவி வாங்குவதற்கு முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். இறால் விடாமல் தொட்டியில் தண்ணீர் மட்டும் நிரப்பி, விளக்கையும் ஏர் பம்ப்பையும் வழக்கம்போல ஓடவிட்டு, சித்திரை வெயிலில் ஒரு வாரம் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். நண்பகலை விட்டு மாலையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் பொழுது சாய்ந்த பிறகுதான் வெப்பத்தை வீட்டுக்குள் இறக்கும், தண்ணீரும் மெதுவாகவே சூடேறும். மாலை அளவு 31 டிகிரிக்குள் நின்றால் தொட்டியில் மாட்டும் சிறு விசிறி போதும். 33, 34 என்று போனால், மேற்குச் சுவரை ஒட்டித் தொட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டிலேயே குளிர்ந்த மூலைக்கு அதை மாற்றுவது எந்தக் கருவியையும்விட மலிவான வழி.

இனி ஃபில்டர். இறாலின் கழிவு மீனின் கழிவைவிட மிகக் குறைவு. ஆகவே பெரிய ஓட்டம் தேவையில்லை. தேவைப்படுவது, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தங்குவதற்கு இடமும், பிறந்தபோது ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டரே இருக்கும் குஞ்சுகளை உறிஞ்சிவிடாத வாயும்தான். இரண்டையும் ஒருசேரத் தருவது, ஏர் பம்ப்பின் காற்றால் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். அதன் மேல் படியும் வழவழப்பான உயிர்ப்படலத்தைக் குஞ்சுகள் நாள் முழுவதும் மேய்ந்துகொண்டிருக்கும். தீனி போட மறந்த நாளிலும் அவற்றுக்கு அங்கே சாப்பாடு உண்டு. உங்கள் தொட்டிக்கு நடுத்தர அளவில் இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர்களை இரு மூலைகளில் வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கழுவாமல், மாற்றி மாற்றி, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து விடுங்கள். குளோரின் கலந்த கார்ப்பரேஷன் தண்ணீரில் குழாயடியில் வைத்து அலசினால், ஒரு மாதமாக வளர்ந்த பாக்டீரியா போய்விடும்.

வெப்பமான ஊரில் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு வேறொரு நன்மையும் இருக்கிறது. நீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார் தன் சூட்டைத் தண்ணீரிலேயே விடும். ஏர் பம்ப்போ வெளியே இருக்கிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ ஏழரையாகக் குறைந்துவிடும். கோடையில் குமிழி ஓட்டம் நிற்காமல் இருப்பது அதனால்தான் முக்கியமாகிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போகும் மின்சாரம் மாலையில்தான் வரும் நாட்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து வாட்டுக்கும் குறைவாக இழுக்கும் ஏர் பம்ப்பை இன்வெர்ட்டரில் இணைப்பது சுலபம். கேனிஸ்டரோ மூடிய பாத்திரம். பல மணி நேரம் நின்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும், மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். மட்டத்துக்குக் கீழேதான் வைக்க முடியும் என்றால், தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் சிறு வால்வைக் குழாயில் கண்டிப்பாகப் பொருத்துங்கள்.

கடைகளில் பெரும்பாலும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏர் பம்ப் எந்தக் காற்றை உறிஞ்சுகிறதோ அதையே தண்ணீருக்குள் செலுத்துகிறது. நம் வீடுகளில் பொழுது சாய்ந்தால் கொசுவத்தியோ செருகிவைக்கும் கொசு மருந்தோ இல்லாமல் இருக்காது. அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் கொசுவைப் போலவே இறாலையும் கொல்பவை. தொட்டி இருக்கும் அறையில் அவற்றைப் பயன்படுத்தாமல் கொசுவலைக்கு மாறிவிடுங்கள். தெருவில் புகை மருந்து அடிக்கும்போது சன்னலை அடைத்து, பம்ப்பையும் அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள்.

குளிரூட்டலில் முதலில் நிற்பது, தொட்டியின் விளிம்பில் மாட்டும் 12 வோல்ட் சிறு விசிறி. இது காற்றைக் குளிர்விப்பதில்லை, தண்ணீரை ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 50 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைய 210 கிலோஜூல் போதும். அறைக் காற்று விடாமல் வெப்பத்தைத் திருப்பித் தந்துகொண்டிருப்பதால், நடைமுறையில் கிடைப்பது இரண்டு முதல் நான்கு டிகிரி வரைதான். மதுரையின் சித்திரை, வைகாசி வெயில் கடற்கரை ஊர்களைப் போலப் புழுக்கமாக இல்லாமல் வறண்டிருப்பதால், இங்கே விசிறி சென்னையைவிட நன்றாக வேலை செய்யும். காற்றில் ஈரம் ஏறிய நாட்களில் அதன் பலன் குறையும். எவ்வளவு பெரிய விசிறியானாலும் அறையின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (அந்தக் காற்றில் ஆவியாதலால் மட்டும் எட்டக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) கீழே தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. கிரிஸ்டல் ரெட்டை விசிறியை நம்பி வளர்க்க வேண்டாம் என்பதும் இதனால்தான்.

விசிறி வைத்தால் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். பல்லி விழாமல் இருக்க நைலான் வலை ஒன்றை விரித்துக் கட்டுங்கள். நாள்தோறும் ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குறையலாம். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்புகள் தங்கிவிடும் என்பதால், அதை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் ஈடுசெய்யுங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் கடினத்தன்மை வாரத்துக்கு வாரம் ஏறி, இறால் தோலுரிக்க முடியாமல் சாகும். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று கையில் இருந்தால் இது உடனே தெரியும். விசிறியை எஸ்.டி.சி-1000 போன்ற வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் இணைத்து 27 டிகிரியில் வைத்தால், இரவில் வீணாக ஓடித் தண்ணீரைக் குறைக்காது. குறைந்த வெப்பநிலையைவிட நிலையான வெப்பநிலையே இறாலுக்கு நல்லது.

ஐஸ் பாட்டில் அவசரத்துக்கு மட்டும். உறைந்த அரை லிட்டர் பாட்டில் ஒன்று முழுவதும் உருகி முடியும்போது உங்கள் தொட்டியை ஏறத்தாழ ஒரு டிகிரிதான் குறைக்கும். ஒன்று உருகிய பிறகே அடுத்ததைப் போடுங்கள். பதற்றத்தில் நான்கைந்தை ஒன்றாகப் போட்டால் அந்தத் திடீர்ச் சரிவு வெப்பத்தைவிட அதிகக் கேடு செய்யும்.

சில்லரைப் பொறுத்தவரை, கம்ப்ரசர் இல்லாமல் மின்தகட்டால் குளிரூட்டும் பெல்டியர் வகையை விட்டுவிடுங்கள். மின்சாரத்தைத் தின்னும் அளவுக்கு அது குளிர்விப்பதில்லை. கம்ப்ரசர் வகையில் இந்தத் தொட்டிக்குப் பத்தில் ஒரு பங்கு குதிரைத்திறன் கருவி தாராளம். தண்ணீர் படும் சுருள் டைட்டானியமாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தாமிரம் இறாலுக்கு நஞ்சு. சில்லருக்கென்று குறிப்பிட்ட நீரோட்டம் வேண்டும், அதை ஸ்பாஞ்ச் ஃபில்டர் தராது. கேனிஸ்டர் தேவைப்படுவது இங்கேதான், அப்போதும் அதன் உறிஞ்சு வாயில் ஸ்பாஞ்ச் உறை மாட்டியாக வேண்டும். சில்லர் தொட்டியிலிருந்து எடுத்த சூட்டைத் தன் பின்பக்கமாக அறைக்குள்ளேயே தள்ளும். தொட்டிக்கு அடியிலுள்ள மர அலமாரிக்குள் அடைத்து வைத்தால் தன் சூட்டிலேயே திணறும். சன்னலோரம் வைத்து, சூடான காற்று வெளியே போகுமாறு திருப்பி விடுங்கள். விசிறி இரண்டு மாதம் இடைவிடாமல் ஓடினாலும் நான்கைந்து யூனிட்டைத் தாண்டாது. சில்லரோ நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் அதே இரண்டு மாதத்தில் 60 யூனிட்டையும் தாண்டும்.

இந்த ஆண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு, ஏர் பம்ப், விசிறி, கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறால் விடுவதற்கு முன் தொட்டியை நான்கு முதல் ஆறு வாரம் ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்று சோதித்த பிறகு பத்துப் பதினைந்து செர்ரி இறால்களை விடுங்கள். அதை ஐப்பசி, கார்த்திகையில் செய்தால், அடுத்த சித்திரைக்குள் உங்கள் வீட்டிலேயே பிறந்து, உங்கள் தண்ணீருக்குப் பழகிய இறால்கள் தொட்டியில் இருக்கும். கிரிஸ்டல் ரெட்டுக்குச் சில்லர் வாங்குவதா என்பதை அந்தக் கோடையின் வெப்பநிலைக் குறிப்புகளைப் பார்த்து முடிவு செய்யலாம்.