கேள்வி நேரம்: ஒரு சமிக்ஞைக்கு இரண்டு பெயர்

கேள்வி: வீட்டில் இசட் ஷெல்லில் (ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) ‘ட்ராப்’ கட்டளைக்கு, அதாவது ஒரு சமிக்ஞை வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் கட்டளைக்கு, சமிக்ஞையின் பெயராகச் சிஎல்டி என்று கொடுத்தேன், ஓடியது. கம்பஸ் கணினியில் பாஷ் என்ற இன்னொரு ஷெல் அதை ஏற்கவில்லை. ஏன்? (வாசகர், கொக்குவில்)

பதில்: உங்களில் பிழையில்லை. ஒரு நிரல் தொடக்கிவிட்ட பிள்ளைச் செயல்முறை முடிந்ததும் அந்தத் தாய் நிரலுக்குப் போகும் சமிக்ஞை அது, சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸ் சிஎல்டி என்றது, பெர்க்லி பல்கலைக்கழக யுனிக்ஸ்காரர் சிஎச்எல்டி என்றார்கள், யுனிக்ஸ் வகைகளுக்கான பொதுத் தரமான பொசிக்ஸ் பின்னதை எடுத்துக்கொண்டது. இசட் ஷெல்லிடம் மாற்றுப் பெயர்ப் பட்டியலே இருக்கிறது. பாஷிடம் ஒவ்வொரு சமிக்ஞை எண்ணுக்கும் ஒரு பெயர்தான்.

சரி, எண்ணையே எழுதலாமே என்று நினைக்காதீர்கள்: உங்கள் லினக்ஸ் மடிக்கணினியில் 17, மாக்கில் 20! இப்படி எழுதுங்கள்:

ட்ராப் 'எக்கோ முடிஞ்சுது' சிஎச்எல்டி

பெயருக்கு முன்னால் ‘சிக்’ என்ற முன்னொட்டு வேண்டாம், அது இல்லாத பெயரைத்தான் பொசிக்ஸ் எல்லா ஷெல்லுக்கும் உறுதிசெய்கிறது.