அக்கா வீட்டில் தங்கப்போகும் பரிமாற்ற மாணவிக்கு நானே பொறுப்பாளராக இருக்கலாமா?

நீங்கள் கேட்டது இது: மட்டக்களப்புக் கல்லடியில் உங்கள் அக்கா வீட்டில் 16 வயது ஜேர்மன் மாணவி ஒருத்தி 10 மாதம் தங்கிப் படிக்கப் போகிறாள். திட்டக்காரர் உங்களையே உள்ளூர்ப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். "அக்கா வீடுதானே, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் குறைவில்லை, எனக்கு வேறென்ன வேலை?" என்று கேட்கிறீர்கள்.

முதல் வேலை, அந்தப் பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுக்கச் சொல்வது.

உங்களில் குறை கண்டு சொல்லவில்லை. பொறுப்பாளர் என்றால் அந்தப் பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே இருக்கிற ஒரு காது. வீட்டில் ஒருவரின் பார்வை பிடிக்கவில்லை, இரவில் பயமாக இருக்கிறது, காசு கேட்கிறார்கள் என்று சொல்ல அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அக்காவின் தங்கச்சி என்று தெரிந்தால் பிள்ளை வாய் திறக்காது. திறந்தாலும் நீங்கள் முதலில் அக்காவின் முகத்தைத்தான் நினைப்பீர்கள். ரோட்டரி இளைஞர் பரிமாற்றத்தில் மாணவரின் ஆலோசகர், அதாவது அவருக்கான பொறுப்பாளர், மாணவர் தங்கும் குடும்பத்தில் ஒருவராக இருக்கக் கூடாது என்பது விதி. ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் அமெரிக்கப் பாடசாலைகளுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரரே மேற்பார்வையாளராக இருக்க முடியாது. உங்கள் திட்டத்தின் தாளில் இந்த வரி இல்லாவிட்டாலும் காரணம் ஒன்றுதான். தனி வீட்டில் இருக்கிறீர்கள் என்பதால் நீங்கள் அக்காவுக்கு அந்நியர் ஆகிவிட மாட்டீர்கள்.

"நம்மட ஊருல அப்படி ஒண்டும் நடக்காது, இதெல்லாம் வெள்ளைக்காரன்ட சட்டம்" என்று சிலர் வருவார்கள் என்று தெரியும். நம் ஊர் ஆட்களை நான் குறைத்துப் பேசவில்லை. விருந்தாளிக்குத் தன் பாயை விட்டுக்கொடுத்துத் தரையில் படுக்கிற ஊர் இது. ஆனால் நல்ல வீட்டுக்கும் கெட்ட வீட்டுக்கும் வாசலில் எழுதி ஒட்டியிருக்காது. நல்ல வீடு சோதனைக்குப் பிறகும் நல்ல வீடாகத்தான் இருக்கும். சோதிக்க வந்ததே அவமானம் என்று ஒரு குடும்பம் கோபப்பட்டால், அந்தக் கோபத்தையும் குறித்து வையுங்கள்.

புதிதாக வரும் பொறுப்பாளருக்கு என்ன வேலை, அக்கா வீட்டில் என்ன தயாராக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். இதை அவருக்கும் காட்டுங்கள்.

வீடு பார்க்கப் போகிறவர் வரவேற்பறையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வரக் கூடாது. பிள்ளை படுக்கப்போகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டு, வெளியே ஒருவரை நிறுத்தித் தோளால் தள்ளச் சொல்லிப் பார்க்க வேண்டும். கல்லடிக் கடற்காற்றில் இரும்புத் தாழ்ப்பாள் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டு சின்ன ஆணியில் தொங்குகிற தாழ்ப்பாள் ஒரு தள்ளுக்கே கழன்று வரும். பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி, நிலைக்குள் நன்றாக இறங்கும் நீளமான திருகாணியால் பூட்டுங்கள். அந்த அறை இன்னொரு அறைக்குப் போகிற வழியாக இருக்கக் கூடாது. அவளுக்குத் தனிக் கட்டில், நுளம்பு வலை, பூட்டும் திறப்பும் உள்ள ஒரு சின்ன அலுமாரி வேண்டும். அலுமாரித் திறப்பு அவளிடம் மட்டும் இருக்கட்டும். குளியலறை கிணற்றடியில் தனியாக இருந்தால் இரவில் ஒருதரம் நடந்து பாருங்கள். லைட்டின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, வழியில் எந்த ஜன்னலிலிருந்து யார் பார்க்க முடியும், குளியலறைக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். பகலில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். நம் பிள்ளைகள் கிணற்றடியில் குளித்தே வளர்ந்தவர்கள். அவளுக்கு அது முதல் நாளே பெரிய சோதனை, அதனால் மறைப்பான இடம் கட்டாயம்.

அடுத்தது வீட்டில் இருக்கும் ஆட்கள். 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பின்னணிச் சோதனை வேண்டும். அத்தான், மூத்த மகன், வந்தாறுமூலைக் கெம்பசில் படிப்பதற்காகத் தங்கியிருக்கும் உறவுக்காரப் பொடியன், எல்லோருக்கும். கிராம சேவகர் தரும் நற்சான்றிதழ் அவருக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்லும், அது போதாது. பொலிஸ் ரிப்போட்டும், சொந்தக்காரர் அல்லாத 2 பேரின் வாய்ச்சொல்லும் வேண்டும். அந்த 2 பேரிடமும் கடிதம் வாங்காதீர்கள், நேரில் போய்க் கேளுங்கள்: "உங்கட சொந்தப் பிள்ளைய 10 மாசம் அந்த வீட்டில விடுவீங்களா?" பதில் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

நம் வீடுகளில் தவறு நடக்கிற இடம் பெரும்பாலும் நிரந்தரமாக இருக்கும் ஆட்களிடம் இல்லை. கலியாணம், செத்த வீடு, மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா என்று வந்தால் வீடு நிறைய ஆட்கள் இரவு தங்குவார்கள். மண்டபத்தில் பாய் விரிப்பார்கள், இடம் போதாவிட்டால் "அந்த வெள்ளப் புள்ளட ரூமில ரெண்டு பேரப் படுக்க விடுங்க" என்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் அவளது அறை அவளுக்கு மட்டும்தான் என்று அக்கா முதல் கிழமையே உறவினருக்குச் சொல்லிவிட வேண்டும். கூட்டம் கூடுகிற நாட்களைப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே அறிவித்தால், தேவைப்பட்டால் அந்த இரவுகளில் பிள்ளையை வேறு சோதித்த வீட்டில் தங்க வைக்கலாம். "இவள நம்மட மகனுக்கே கட்டி வைப்பம்" என்ற பகிடியும் வேண்டாம். 16 வயதுப் பிள்ளைக்கு, மொழி பாதி விளங்குகிற நிலையில், அது பகிடியாகக் கேட்காது.

மாதம் ஒருதரமாவது பொறுப்பாளர் அவளை நேரில் சந்திக்க வேண்டும். வட்ஸ்அப்பில் "எல்லாம் ஓகேயா?" என்று கேட்டு அவள் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்புவது சந்திப்பு ஆகாது. அக்கா வீட்டுத் திண்ணையிலும் கதைக்க வேண்டாம், கதவுக்கு அந்தப் பக்கம் யாராவது இருப்பார்கள். காந்தி பூங்கா மாதிரி, மற்றவர் கண்ணுக்குத் தெரியும் ஆனால் காதுக்குக் கேட்காத இடமாகப் பாருங்கள். மூடிய அறையில் தனியாகச் சந்திக்கக் கூடாது, அது அவளுக்கும் பாதுகாப்பு, பொறுப்பாளருக்கும் பாதுகாப்பு. கேள்விகள் சின்னதாக இருக்கட்டும். நேற்று எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போனாய்? கடைசியாக அம்மாவோடு எப்போது கதைத்தாய்? பாடசாலையில் யாரோடு சாப்பிடுகிறாய்? இந்த வீட்டில் நீ தனியே இருக்க விரும்பாத நேரம் எது? கடைசிக் கேள்விக்கு அவள் உடனே "இல்லை" என்றால் அடுத்த மாதமும் அதையே கேளுங்கள். சந்திப்பு முடிந்த அன்றைக்கே திகதி போட்டு 5 வரி எழுதி வையுங்கள்.

சாப்பிடாமல் இருப்பதை எல்லோரும் "வீட்டு யோசனை" என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டு யோசனை உள்ள பிள்ளை அழும், அம்மாவைப் பற்றிக் கதைக்கும், பிறகு கொஞ்சம் தேறும். ஒரு குறிப்பிட்ட ஆள் வீட்டில் இருக்கும் வேளையில் மட்டும் சாப்பிட வராத பிள்ளை, பாடசாலை விட்டும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நிற்கிற பிள்ளை, சூட்டிலும் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கிற பிள்ளை வேறு ஏதோ சொல்கிறது. அமெரிக்க விதியில், வீட்டைத் தெரிவு செய்தவர் அல்லாத இன்னொருவர் முதல் 2 மாதத்துக்குள் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதி. முதலில் பார்த்தவர் பார்க்கத் தவறியது இரண்டாமவர் கண்ணில் படும். அதை நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

மற்றவை சுருக்கமாக. கடவுச்சீட்டை அக்கா வாங்கி வைக்கக் கூடாது, அவளது அலுமாரியில் இருக்கட்டும், பிரதி பொறுப்பாளரிடம். விசா முடியும் திகதியைக் கலண்டரில் வட்டம் போட்டு, ஒரு மாதம் முன்பே நீடிப்பு வேலையைத் தொடங்குங்கள். அவசர சிகிச்சைக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தில் ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி அவளது பையில். காப்புறுதிப் பத்திரத்தில் எதற்கெல்லாம் காசு கிடைக்காது என்ற பக்கத்தை முதலில் வாசியுங்கள். மோட்டார் சைக்கிள் விபத்து அங்கே இருக்கக்கூடும், நம் ஊரிலோ பால் வாங்கப் போவதற்கும் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிவிடுவோம். கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும் கடலில் இறங்க விட வேண்டாம், முகத்துவாரத்துப் பக்கம் எந்தக் காலத்திலும் வேண்டாம். மழைக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரோபன் கொடுத்தால், டெங்கு என்றால் இரத்தக் கசிவைக் கூட்டும். 3ஆம் நாளாவது இரத்தப் பரிசோதனை கட்டாயம்.

பிள்ளை ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்பதுதான் எல்லோரும் தடுமாறுகிற இடம். கேளுங்கள், விசாரிக்காதீர்கள். "நிச்சயமாத்தானா?", "நீ என்ன உடுப்புப் போட்டிருந்தாய்?" இரண்டும் வாயில் வரக் கூடாது. "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவள் சொன்னதை அவள் சொன்ன சொல்லிலேயே, நேரத்தோடு எழுதுங்கள். அன்று இரவே அவள் வேறு வீட்டில் தூங்க வேண்டும், விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய் "இப்படிச் சொல்றாள், உண்மையா?" என்று கேட்டால் காரியம் கெட்டது. திட்டத்தின் தலைமைக்கு அன்றைக்கே அறிவியுங்கள். ரோட்டரியில் 72 மணித்தியாலம் என்று வைத்திருப்பது கடைசி எல்லை, அது வரைக்கும் இருந்து யோசிப்பதற்கான அவகாசம் அல்ல. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவள் என்பதால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள், உடனடி ஆபத்து என்றால் பொலிஸின் 119. பாலியல் தாக்குதல் என்றால் குளிக்கவோ உடுப்பைத் தோய்க்கவோ முன்பு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். எச்.ஐ.வி தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், அவசர கருத்தடை 120 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மானம், மரியாதை, அத்தானின் வேலை என்று வீட்டில் கூட்டம் கூடிக் கதைக்கிற நேரத்தில்தான் இந்த மணித்தியாலங்கள் போய்விடுகின்றன.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் திட்டங்களின் படிவம், நடத்தை விதி, முறைப்பாட்டுத் தாள் எல்லாம் நம் குடும்பங்களுக்கு ஆங்கிலத்தில்தான் வருகின்றன. 14 பக்கம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற அம்மாவிடம் பிறகு "நீங்கள் ஒப்புக்கொண்டீர்களே" என்று காட்டுகிறார்கள். பயிற்சி கொழும்பில் ஒரு சனிக்கிழமை காலை. இங்கிருந்து போக இரவு ரயில், செலவு தொண்டரின் கையில் இருந்து. மட்டக்களப்பில், அம்பாறையில் பிள்ளைகளைத் தங்க வைக்கிற எந்த அமைப்பும் தமிழில் ஒரு தாள் அடித்துத் தர முடியாத ஏழை அல்ல. நீங்கள் கையெழுத்திடும் முன் தமிழில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வாசித்து விளக்கும்வரை போடாதீர்கள்.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். உள்ளதையே சொல்லுங்கள்: "அக்கா, ஏதும் கதை வந்தா நான் உங்கட பக்கம்தான் நிப்பன். அதாலதான் நான் இந்தப் பொறுப்பில இருக்கக் கூடாது." திட்டக்காரருக்கு இன்றே மின்னஞ்சல் போட்டு, உங்கள் உறவுமுறையை எழுதி, ஆள் மாற்றச் சொல்லுங்கள். முடிந்தால் பெண்ணாக, அக்காவின் பாடசாலை, கோயில், வேலை வட்டத்துக்கு வெளியே உள்ளவராகக் கேளுங்கள். பிள்ளை கட்டுநாயக்காவில் இறங்குவதற்கு முன் அந்தப் புது ஆளின் இலக்கமும் 1929உம் ஒரு சின்ன மட்டையில் எழுதி அவள் கைக்குப் போக வேண்டும், போன் பிடுங்கப்பட்டாலும் மட்டை அவளிடம் இருக்கும்.