பெயர் வெட்டிய பேனா – கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) பினாங்கில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய பார்க்கர் 51 பேனா இத்தனை காலம் அப்பத்தாவின் பெட்டியில் கிடந்து, சமீபத்தில் என் கைக்கு வந்தது. கருப்பு உடல், வெள்ளி நிற மூடி. உடலில் ஐயாவின் பெயரை ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்கள். பின்பக்கத்துச் சின்ன மூடியைத் திருகித் திறந்தால் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. அழுத்தினேன், உள்ளே போனது, திரும்பி வரவில்லை. ஒரு கடையில் காட்டினேன். உள்ளே இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு ஃபில்லரால் மை ஊற்றும் பேனாவாக மாற்றித் தருகிறேன் என்றார்கள். பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும், பெயரும் போய்விடும், பெயர் வெட்டிய பேனாவுக்கு விலையே கிடையாது என்றும் சொன்னார்கள். கொடுக்கலாமா?

இன்னொன்று. இந்தப் பேனா வந்த ஆசையில் இணையத்தில் நாலைந்து பழைய பேனாக்கள் வாங்கினேன். பாதி எழுதவில்லை. ஒழுங்காகச் சேர்க்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது? வீட்டில், ‘ஜெல் பேனா பத்து ரூபாய்க்குக் கிடைக்குதே’ என்கிறார்கள்.

செ.,
தேவகோட்டை

அன்புள்ள செ.,

கொடுக்காதீர்கள். இரண்டில் எதையும் செய்ய வேண்டாம்.

நீங்கள் சொல்லும் குச்சியை வைத்துப் பார்த்தால் உங்களிடம் இருப்பது வாக்குமேட்டிக் வகை 51. இந்தப் பேனா 1941-இல் கடைக்கு வந்தது. 1948 வரை பெரும்பாலும் இந்தக் குச்சி வைத்த அமைப்பில்தான் செய்தார்கள். பிறகு உடலைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் உலோகப் பட்டையை அமுக்கி மை இழுக்கும் ஏரோமெட்ரிக் வகை வந்தது. அதில் இருக்கும் பிளாஸ்டிக் பை அபாரமான பொருள். எழுபது வருஷப் பேனாவில்கூட அலசிவிட்டு அப்படியே மை நிரப்பலாம். உங்கள் வகையில் பை கிடையாது. உடலே மைக்கூடு. அதன் பின்பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் சவ்வு. குச்சியை அழுத்தினால் சவ்வு நீண்டு உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும். விட்டால் சுருங்கி, அந்த வெற்றிடத்துக்கு மையை இழுக்கும். நடுவில் ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது. அடுத்த அழுத்தலில் காற்றுதான் அதன் வழியாக வெளியேறும், ஏறிய மை அங்கேயே நிற்கும். பத்துத் தடவை அழுத்தினால் உடல் முக்கால்வாசி நிரம்பிவிடும்.

ரப்பருக்கு ஆயுள் உண்டு. உங்கள் பேனாவில் அது காய்ந்து இறுகிப்போயிருக்க வேண்டும், அதனால்தான் குச்சி திரும்பவில்லை. அதாவது, கெட்டது பெரும்பாலும் அந்தச் சவ்வாகத்தான் இருக்கும். புதுச் சவ்வு இன்றும் செய்து விற்கிறார்கள், விலையும் பெரிதில்லை. கஷ்டம் அதைப் பொருத்துவதில் இருக்கிறது. குச்சி இருக்கும் பகுதியைக் கழற்ற அதற்கென்றே ஒரு திருகி வேண்டும். அது இல்லாமல் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகினால் மரை நசுங்கும், உடல் விரியும். அப்புறம் அந்தப் பேனாவை யாராலும் மீட்க முடியாது. ஆகவே இந்த வேலையை நீங்களும் செய்ய வேண்டாம், அந்தக் கடையும் வேண்டாம். வாக்குமேட்டிக் வேலை தெரிந்தவர்கள் நம் நாட்டில் சிலர் இருக்கிறார்கள், கூரியரில் வாங்கிச் செய்து அனுப்புகிறார்கள். கொல்கத்தா எஸ்பிளனேடு பக்கம் ‘பென் ஹாஸ்பிடல்’ என்றே பெயர் வைத்த பழைய கடை உண்டு. யாரிடம் கொடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: “சவ்வு மாற்ற உங்களிடம் திருகி இருக்கிறதா?” பதில் இழுத்தால் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நிப் பக்கத்தை மட்டும், நிப்பை மூடியிருக்கும் மூக்கு மூழ்கும் அளவுக்கு, சாதாரணத் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடலாம். வெந்நீர் வேண்டாம். ஸ்பிரிட் கிட்டவே போகக் கூடாது, அந்த அக்ரிலிக் உடலில் மயிரிழை விரிசல்கள் ஓடிவிடும். தண்ணீர் நீலமாகும், மாற்றுங்கள், மறுபடி நீலமாகும். 51-இன் மூக்குக்குள் நிப்பைச் சுற்றி மெல்லிய வரிவரியான தகடுகளாக, மிகுதி மையைத் தேக்கி வைக்கும் ஒரு கலெக்டர் இருக்கிறது. ஐயா கடைசியாக ஊற்றிய மை அங்கேதான் காய்ந்து கிடக்கும். இதற்கு நாட்கள் பிடிக்கும், அவசரப்படாதீர்கள்.

இனி பாலிஷ். அந்த மூடி லஸ்ட்ரலாய் என்ற, பளபளப்புக் குறைத்த எஃகாக இருந்தால் சக்கரத்தில் கொடுத்த அடுத்த நிமிஷம் ஸ்டீல் டம்ளர் மாதிரி மின்னும். பழைய தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை. உடலுக்கு வரும் சேதம் இன்னும் மோசம். அதில் மிக மெல்லிசாக ‘மேட் இன் யுஎஸ்ஏ’ போன்ற எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். 7 என்றால் 1947. பக்கத்தில் மூன்று புள்ளி இருந்தால் வருஷத்தின் முதல் காலாண்டு. காலாண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள், புள்ளியே இல்லாவிட்டால் கடைசிக் காலாண்டு. பாலிஷ் சக்கரம் முதலில் தின்பது இந்த எழுத்தைத்தான். விலை, விலை என்று பேசுகிற கடைக்காரர், பேனாவின் விலையை உண்மையிலேயே குறைக்கும் வேலையைச் செய்யப் பார்க்கிறார்.

பெயர் வெட்டியிருந்தால் சந்தையில் விலை குறையும் என்பது பொதுவாக உண்மைதான். அது விற்பவன் கவலை. நீங்கள் விற்கப் போவதாக எழுதவில்லையே? நம் ஊரில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போலத்தான் அந்தக் காலத்தில் நல்ல பேனாவிலும் வெட்டிக் கொடுத்தார்கள். நானாக இருந்தால், பெயர் இல்லாத 51, பெயர் உள்ள 51 இரண்டும் ஒரே நிலையில் கிடைத்தால் பெயர் உள்ளதை வாங்குவேன், அதுவும் மலிவாக. முகம் தெரியாத யாரோ ஒருவரின் பெயராக இருந்தாலும் சரி.

எழுத ஆரம்பித்ததும் நிப் கீறுவது போலத் தோன்றலாம். உடனே உப்புத்தாள் தேடாதீர்கள். பல வருஷம் கணக்கு எழுதிய கைக்கு ஏற்றபடி அதன் முனை ஒரு சாய்வில் தேய்ந்திருக்கும். பேனாவை விரலுக்குள் இடமும் வலமும் லேசாக உருட்டி எழுதிப் பாருங்கள், ஏதோ ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும். 51-இல் நிப் முழுக்க மூக்குக்குள் மறைந்திருப்பதால் எந்தப் பக்கம் மேல் என்பதே சட்டென்று தெரியாது, பாதிப் புகார் இதனால் வருவது.

இணையத்தில் வாங்கியவற்றைப் பற்றி. ‘எழுதிப் பார்க்கவில்லை’ என்று போட்டிருந்தால் ‘எழுதிப் பார்த்தேன், எழுதவில்லை’ என்று படித்துக்கொள்ளுங்கள். பை கிழிந்தது, மை காய்ந்தது, பையை அமுக்கும் நெம்புகோல் இறுகியது, இதெல்லாம் ஒரு குறையே இல்லை. நான் பார்ப்பது வேறு. முதலில் நிப்பின் நுனியில் இருக்கும் அந்தக் குட்டிக் குமிழ். தங்கம் மெத்தென்ற உலோகம், காகிதத்தில் தேயும். அதனால்தான் இரிடியம் வகைக் கடின உலோகத்தை நுனியில் பற்றவைக்கிறார்கள். அது போய்விட்டால் புதிதாக வைக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, பல சமயம் கூலி பேனாவின் விலையைத் தாண்டும். குமிழை நெருங்கி எடுத்த படம் கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள். அடுத்து மூடியின் விளிம்பிலும் கழுத்திலும் விரிசல். செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் பேனாவானால் உடலின் நிறம் ஒரு பாதியில் மட்டும் கருத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் பையிலிருந்து கசியும் கந்தக வாயு செய்யும் வேலை அது, போகாது. கடைசியாக, ‘பார்க்கர் 51’ என்று ஹீரோ 616-ஐத் தலையில் கட்டுவார்கள். ஷாங்காயில் 51-ஐப் பார்த்துச் செய்த பேனா அது. நிப் எஃகு. ஹீரோ என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம், பள்ளிக்கூடத்தில் நம்மில் பாதிப்பேர் கனவு கண்ட பேனா.

சேர்க்கத் தொடங்குகிறவருக்கு நான் அமெரிக்கப் பேனாக்களைச் சொல்ல மாட்டேன். ஃபில்லரால் மை ஊற்றும் நம் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்களில் ஆரம்பியுங்கள். ராஜமுந்திரியின் ரத்னம், சென்னையின் காமா, இப்போதும் கடைசலில் கையால் கடைந்து தரும் திருவள்ளூரின் ரங்கா. இவற்றில் அழுகிப் போக சவ்வோ பையோ இல்லை. நிப், அதன் அடியில் மை ஓடும் நாக்கு, கழுத்து, உடல், மூடி, அவ்வளவுதான். பிரித்து மாட்டிப் பழகலாம், உடைந்தால் மனசும் அதிகம் உடையாது. மை பாதிக்குக் கீழே போனதும் கக்கும். கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளுவதால் வருவது அது. பாதியிலேயே நிரப்பிவிட்டால் தொல்லை இல்லை. பழைய எபோனைட் வெளிச்சத்திலும் ஈரத்திலும் காப்பிப் பொடி நிறத்துக்கு மாறும். அதை முழுசாகத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், கருப்புச் சாயமும் பூசாதீர்கள். பழுப்பு நிறமும் நன்றாகத்தான் இருக்கிறது.

பை வைத்த பேனாவுக்கு அப்புறம் போகலாம். அங்கே பையைக் கழுத்தில் ஒட்ட அரக்கு, அதாவது ஷெல்லாக் மட்டும் போதும். இளஞ்சூட்டில் இளகும், நாளைக்கு இன்னொருவர் பிரிக்கலாம். உடனடிப் பசை போட்டு ஒட்டிய பேனாக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஜெல் பேனா விஷயத்தில் வீட்டில் சொல்வது சரிதான். வாதாட வேண்டாம்.

சவ்வு மாற்றி வந்ததும் கேமலோ பிரில்லோ, சாதாரண நீல மை ஊற்றுங்கள். டிராயிங் இங்க் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. வாரம் ஒரு தடவையாவது எழுதுங்கள். எழுதாமல் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாக இருந்தால் மையை எடுத்துவிட்டு வையுங்கள், ஆனால் ஏன் வைக்க வேண்டும்? உடலில் எண்ணும் புள்ளியும் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். ஐயா பினாங்கிலிருந்து திரும்பிய வருஷம் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், பேனாவை அங்கேயே வாங்கினாரா, ஊருக்கு வந்த பிறகா என்று ஒருவேளை தெரியவரும்.