6.3 சிஜிபிஏ-வோடு வெளிநாட்டு எம்பிஏ: விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: கோவையில் மெக்கானிக்கல் படித்தேன். சிஜிபிஏ 6.3. முதல் நான்கு செமஸ்டரில் 9 அரியர். எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன். நான்கரை ஆண்டுகளாக வாகன உதிரிபாக நிறுவனத்தில் வேலை. இந்த மதிப்பெண்ணோடு வெளிநாட்டு எம்பிஏ-வுக்கு முயல்வது வீண்வேலையா?

பதில்: வீண்வேலை இல்லை. ஆனால் எல்லாக் கதவும் திறக்காது. எது திறக்காது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

கட்டணம் குறைவு என்பதால் பலரும் ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களைத்தான் முதலில் தேடுகிறார்கள். அங்கே மேலாண்மை முதுகலைப் படிப்புகள் பலவற்றில் நம் மதிப்பெண்ணை 'பவேரியச் சூத்திரம்' கொண்டு மாற்றுவார்கள். 10-லிருந்து உங்கள் சிஜிபிஏ-வைக் கழித்தால் 3.7. அதை, 10-லிருந்து தேர்ச்சிப் புள்ளியைக் கழித்து வரும் எண்ணால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்ட வேண்டும். தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் உங்களுக்கு 3.22 வரும். அங்கே எண் குறைந்தால்தான் நல்லது. 2.5 கேட்கும் படிப்புக்கு 7.5 சிஜிபிஏ வேண்டும். உங்கள் ரெகுலேஷனில் (நீங்கள் படித்த பாடத்திட்ட விதிகளில்) தேர்ச்சிப் புள்ளி 6 என்றால் 8 வேண்டும். இப்படி வரம்பு வைத்த படிப்புகளுக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.

எம்பிஏ சேர்க்கை அப்படி நடப்பதில்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பவருக்கு இருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: நிதி, கணக்கியல், புள்ளியியல் பாடங்களில் இவர் திணறுவாரா? ஆகவே மொத்த சிஜிபிஏ-வைவிட, எம்-1, எம்-2, எம்-3 என்ற பொறியியல் கணிதத் தாள்களில் என்ன எடுத்தீர்கள், கடைசி நான்கு செமஸ்டர் எப்படிப் போனது என்பவை முக்கியம். அரியர் கணக்குத் தாள்களில் என்றால் சந்தேகம் வலுக்கும். அதைத் தீர்ப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதல் வழி, எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு. இப்போதைய தேர்வில் குவான்ட் (கணக்கு), வெர்பல் (ஆங்கிலம்), டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை அலசுவது) என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய ஜிமேட்டின் 700-க்கு இப்போது ஏறத்தாழ 645 சமம். இது தெரியாமல் பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டு மனம் உடைபவர்கள் நிறையப் பேர். உங்களைப் போன்றவர்களுக்கு 645-க்கு மேல், அதிலும் குவான்ட் பகுதி தனியாக வலுவாக இருக்க வேண்டும். தேர்வுக்கும் தேர்வுக்கும் 16 நாள் இடைவெளி கட்டாயம். 12 மாதத்தில் 5 முறை எழுதலாம். இரண்டாவது வழி, ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆன்லைனின் 'கோர்' போல, மதிப்பீட்டோடு கூடிய கணக்கியல், புள்ளியியல் பாடம் ஒன்றை முடித்துக் காட்டுவது.

பலர் சறுக்குவது விண்ணப்பத்தில். அமெரிக்காவின் 4 புள்ளி அளவுக்கு மாற்றுவதாக, நீங்களாகவே 6.3-ஐ 0.4-ஆல் பெருக்கி 2.52 என்று எழுதாதீர்கள். எம்பிஏ பள்ளி வேறுவிதமாகக் கேட்காதவரை, மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி 10-க்கு 6.3 என்றே கொடுங்கள். விருப்பக் கட்டுரையில் (கட்டாயமில்லாத, விரும்பினால் எழுதும் கட்டுரை) அரியரைப் பற்றி 150 முதல் 200 சொற்கள் போதும்: என்ன நடந்தது, ஏன், எப்போது மாறியது, அதற்கு என்ன சான்று. கல்லூரியையோ ஆசிரியர்களையோ குறை சொன்னால் அந்தக் கட்டுரை உங்களுக்கு எதிராகவே பேசும். அரியரை மறைப்பது அதைவிட மோசம். சேர்ந்த பிறகு நடக்கும் சரிபார்ப்பில் தெரிந்தால் இடமே போய்விடும்.

இனி பணம். எங்களுக்கு உங்கள் சிஜிபிஏ-வைவிட அதிகக் கவலை தருவது இதுதான். மதிப்பெண் குறைந்தவர்கள், கிடைத்த இடம் போதும் என்று ஜிமேட்டும் அனுபவமும் கேட்காத பள்ளியில் சேர்ந்துவிடுகிறார்கள். 40 லட்சம் கடன், 11% வட்டி என்று வையுங்கள். முழுத்தொகையையும் தொடக்கத்திலேயே எடுத்தால், படிக்கும் ஓராண்டும் தவணைவிலக்கு ஓராண்டும் சேர்ந்து 8.8 லட்சம் வட்டி ஏறும். பிறகு 10 ஆண்டுகளுக்கு மாதம் ஏறக்குறைய 67,200 ரூபாய். வெளிநாட்டில் வேலை அமையாமல் ஊர் திரும்பினால் இங்குள்ள சம்பளத்தில் இதைக் கட்ட முடியுமா? பிரிட்டனில் படிப்பு முடிந்து வேலை தேடும் விசா 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அமெரிக்காவில் 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவில் சேர்க்கப்பட்ட எம்பிஏ என்றால் மேலும் 24 மாதம். பள்ளியிடம் வேலைவாய்ப்பு அறிக்கையைக் கேளுங்கள். அதில் சராசரிச் சம்பளத்தைப் பார்க்க வேண்டாம். விசா ஆதரவு தேவைப்பட்ட வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு மூன்று மாதத்துக்குள் வேலை கிடைத்தது என்று பாருங்கள். அந்த எண்ணைத் தர மறுக்கும் பள்ளிக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டாம்.

இந்த வாரம் ஜிமேட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மாதிரித் தேர்வுகளில் ஒன்றை எழுதிப் பாருங்கள். 545-ஐ ஒட்டி வந்தால் நான்கு மாத உழைப்பில் 645 எட்டக்கூடியதுதான். 450-க்குக் கீழே என்றால் இந்த ஆண்டு விண்ணப்பிக்காதீர்கள்; அந்த ஓராண்டில் அலுவலகத்தில் பட்ஜெட்டோ நான்கு பேர் கொண்ட குழுவோ உங்கள் பொறுப்பில் வரும்படி பாருங்கள். எந்த ஆண்டானாலும் செப்டம்பர் அல்லது ஜனவரி சுற்றில் விண்ணப்பியுங்கள். ஏப்ரல் சுற்றில் உதவித்தொகையும் குறையும், விசாவுக்கு நேரமும் போதாது. பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டுக்கு (பல்கலைக்கழகம் சான்றளித்துத் தரும் மொத்த மதிப்பெண் பதிவு) இப்போதே எழுதிப் போடுங்கள். அரியர் இருந்தவர்களிடம் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் கேட்கக்கூடும். அதில் ஒன்று தொலைந்திருந்தால் நகல் வாங்கவே வாரக்கணக்கில் ஆகும்.