இருமையில் என்ன விசித்திரம்?

அன்புள்ள ஐயா,

கணித அறிஞர்கள் எம். எஸ். நரசிம்மன், சி. எஸ். சேஷாத்ரி பற்றிய கட்டுரையில் ‘விசித்திர இருமை’ என்று ஒன்றைச் சொல்லி, விளக்காமல் போய்விட்டீர்கள். அவர்களுடைய தேற்றமும் இதுவும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்தானே? நான் பொறியியல் படித்தவன்.

ஒரு வாசகர், செம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நாணயம் என்ற உவமை அவர்களுடைய தேற்றத்துக்குள்ளேயே சரியாக வரும். 1965-இல், இங்கே பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது, இருவரும் வளைவரைமேல் (சிக்கலெண்களில் பார்த்தால் இது துளைகள் உள்ள ஒரு மேற்பரப்பு) உள்ள நிலையான வெக்டர் பண்டில்களுக்கு (புள்ளிதோறும் ஒரு வெக்டர் வெளியை ஒட்டிய அமைப்புகள்) இரண்டு முகங்கள் இருப்பதைக் காட்டினார்கள். ஒன்று இயற்கணிதம். மற்றது, வளைவரையின் துளைகளைச் சுற்றி வரும் பாதைகளுக்கு யூனிட்டரி அணிகளைக் கொடுப்பது. பொருள் ஒன்றுதான்.

விசித்திர இருமையில் பொருளே இரண்டு. வளைவரை ஒன்றுதான், அதன்மேல் ஒரு ரேங்க் (ஒட்டிய வெளியின் பரிமாணம்) கொண்ட பண்டில்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வெளி, இன்னொரு ரேங்க் கொண்டவை இன்னொரு வெளி. பரிமாணம்கூட ஒத்துப்போக வேண்டியதில்லை. இவற்றுக்குள் என்ன உறவு?

மாட்டுங்காவில் என் அத்தை வரன் பார்த்துக் கொடுப்பார், அதை வைத்தே சொல்கிறேன். இங்கிருந்து ஒரு பண்டில், அங்கிருந்து ஒன்று எடுத்து டென்சர் பெருக்கல் செய்யுங்கள். டிகிரியை (பண்டிலின் முறுக்கைச் சொல்லும் முழு எண்) சரியாக வைத்துக்கொண்டால், பெரும்பாலும் அந்தப் பெருக்கலுக்குச் சுழியைத் தவிர, புள்ளிதோறும் சீராக ஒரு வெக்டரைத் தரும் வேறு செக்‌ஷன் இருக்காது. அபூர்வமாக இருந்தால் ‘பொருத்தம்’ என்போம். இரண்டு துளை உள்ள வளைவரையில், டிடர்மினன்ட் அற்பமான (அதாவது முறுக்கே இல்லாத) ரேங்க் 2 பண்டில் ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற ரேங்க் 1 பண்டில்களைப் பட்டியல் போட்டால், அந்தப் பட்டியலை வைத்தே (நிலையானதாக இருந்தால்) அது எந்தப் பண்டில் என்று சொல்லிவிடலாம். அத்தையால்கூட அது முடியாது! இந்த ரேங்க் 2 வெளி சாதாரண முப்பரிமாண வீழ்ப்பு வெளிதான் என்று நரசிம்மனும் எஸ். ராமனனும் 1969-இல் காட்டினார்கள். அதன்மேல் ஒன்றையொன்று சாராத தீட்டாச் சார்புகள் (அந்த வெளிமேல் இயல்பாக வரும் ஒரு ரேங்க் 1 பண்டிலின் செக்ஷன்கள்) 4. எதிர்ப்பக்கத்து ஜேக்கோபியன்மேல் (ரேங்க் 1 பண்டில்களின் வெளி) இரண்டாம் படித் தீட்டாச் சார்புகளும் 4.

எண்ணிக்கை இப்படி ஒத்துப்போவது தீட்டாச் சார்புகளை எண்ண இயற்பியலாளர் வெர்லிண்டே 1988-இல் தந்த சூத்திரத்திலிருந்து எல்லா ரேங்குக்கும் வருகிறது. ஆனால் மாப்பிள்ளை வீட்டில் பத்துப் பேர், பெண் வீட்டில் பத்துப் பேர் என்பதால் சம்பந்தம் ஆகிவிடுமா? பொருத்தமே ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் இருமை வெளியாக (அதன்மேல் உள்ள நேரியல் சார்புகளின் வெளி) ஆக்குகிறது என்பதைத் தனியாக நிறுவியாக வேண்டும். ஒரு பக்கம் ரேங்க் 1 ஆக இருக்கும்போது இதை போவில், நரசிம்மன், ராமனன் மூவரும் 1989-இல் செய்தார்கள். முழுதும் முடிய இன்னும் சுமார் இருபது வருஷம் ஆனது: பொதுவான வளைவரைகளுக்கு பிரகாஷ் பெல்காலே, எல்லா வளைவரைகளுக்கும் அலீனா மரியன், டிராகோஸ் ஓப்ரியா. எனக்கு விசித்திரமாகப் படுவது இந்த இடைவெளிதான்.

பொறியியல் படித்தவர் என்றீர்கள், ஒரு கணக்கு. நான்கு மாறிகளில் இருபடி உறுப்புகள் எத்தனை என்று எண்ணுங்கள். 10 வரும். மேலே சொன்ன முப்பரிமாண வீழ்ப்பு வெளியில் (அதற்கு ஆயங்கள் நான்கு) இரண்டாம் மட்டத்துக்கு, அதாவது இரண்டாம் படிக்கு, வெர்லிண்டே சூத்திரத்தைப் போட்டாலும், அதில் வரும் சைன் எல்லாம் அடிபட்டுப்போய், 10 தான்.