பரல் டீசலா, முழுக் காப்புறுதியா?

கேள்வி: அண்ணா, நான் புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு பட்டா (சின்ன டீசல் லொறி) வைத்து, மரக்கறியும் தேங்காயும் ஏற்றிக் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் ஓடுகிறேன். கிழமைக்கு 600 கிலோமீற்றர் வரும். லீசிங் காசு போன மாதம்தான் கட்டி முடிந்தது. அடுத்த மாதம் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும். ஃபுல் இன்சூரன்சுக்கு 72,000 ரூபா கேட்கிறார்கள். தேர்ட் பார்ட்டி என்றால் 12,000 தான். மிச்சம் 60,000க்கு ஒரு பரல் டீசல் வாங்கி வீட்டில் வைத்தால் தட்டுப்பாடு வந்தாலும் ஓடலாம் என்கிறார் மச்சான். 2022இல் நாள்கணக்காக வரிசையில் கிடந்தவன் நான். மச்சான் சொல்வது சரிதானா? வீட்டில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் நிற்கிறது.

பதில்: தம்பி, எரிபொருளைச் சேர்த்து வைக்க நினைக்கிற வன்னி ஆளை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. விடியற்காலையில் ஒரு சின்னப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைப்பார். இயந்திரம் சூடேறி மண்ணெண்ணெயைப் பிடிக்கும்வரை முறுக்கிய கையை விடமாட்டார். அந்தப் போத்தல் எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு 2022 வந்தது. ஜூன் 26இல் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபா, டீசல் 460 ரூபா. கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எரிபொருள் வாங்கும் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். 2023 செப்டெம்பர் வரை அந்தக் கட்டுப்பாடு இருந்தது. இதையெல்லாம் பார்த்த சனம் பயப்படுவது நியாயம்தான். ஆனால் இன்சூரன்ஸ் காசை எடுத்து அந்தப் பயத்துக்கு மருந்து வாங்கப் போகிறீர்கள். அதைத்தான் நான் மறிக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். சுமையோடு உங்கள் பட்டா லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்தால், கிழமைக்கு ஏறக்குறைய 43 லீற்றர் வேண்டும். கணக்குக்காக டீசல் லீற்றர் 300 ரூபா என்று பிடித்தால், 60,000 ரூபாவுக்கு 200 லீற்றர். சரியாக ஒரு பரல். அதை வைத்து நீங்கள் நாலரைக் கிழமை ஓடலாம், அவ்வளவுதான். 2022இன் தட்டுப்பாடு நாலரைக் கிழமையிலா முடிந்தது?

அதே 60,000ஐ வேறு விதமாகப் பிரியுங்கள். வருடத்தில் 50 கிழமை ஓடினால் 30,000 கிலோமீற்றர். ஃபுல் இன்சூரன்சுக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது கிலோமீற்றருக்கு 2 ரூபா. டீசல் லீற்றருக்கு 20 ரூபா ஏறினாலே உங்களுக்குக் கிலோமீற்றருக்கு ஒரு ரூபா 43 சதம் கூடுகிறது. அப்படி ஏறிய மாதங்களிலும் நீங்கள் வண்டியை நிறுத்தவில்லையே. டீசல் இல்லாமல் போனால் உழைப்புத்தான் நாள்கணக்கில் நிற்கும், வண்டி வீட்டில் பத்திரமாக நிற்கும். இரவில் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் மாட்டுக் கூட்டத்துக்குள் விட்டால் வண்டியும் போகும், உழைப்பும் போகும். தேர்ட் பார்ட்டி என்பது உங்களால் மற்றவருக்கு வந்த சேதத்துக்கு மட்டும்தான். உங்கள் பட்டாவுக்கு அதில் ஒரு சதமும் வராது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் ஃபுல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது வெள்ளமும் இயற்கை அனர்த்தமும் உள்ளே சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

பரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாள்பட்ட டீசலில் தண்ணீர் சேரும், அடியில் கசடு கட்டும். அதை ஊற்றி இன்ஜெக்டர் பழுதானால் டீசலில் மிச்சம் பிடித்த காசு மெக்கானிக்கின் கைக்குப் போகும். வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், அடுப்பெரியும். அனுமதி இல்லாமல் பரல் கணக்கில் எரிபொருள் வைத்திருப்பது சட்டப்படியும் சிக்கல். உங்களுக்குப் பொருத்தமான பரல் வண்டியின் தாங்கிதான். அதைப் பாதிக்குக் கீழே இறங்க விடாத பழக்கம் ஒன்றே போதும்.

சரி, ஃபுல் எடுக்கிறீர்கள் என்று வைப்போம். உங்கள் கேள்வியில் இல்லாத இரண்டு விசயங்கள்தான் எனக்கு இன்னும் கவலை.

ஒன்று, பொலிசியில் வாகனத்தின் பெறுமதி எவ்வளவு என்று போட்டிருக்கிறது? லீசிங் எடுத்த நேரத்துப் பெறுமதியையே வருடாவருடம் புதுப்பித்து வருகிறவர்கள் நிறையப் பேர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை போனது. இறக்குமதி திரும்பத் தொடங்கியது 2025இல்தான். இந்த இடைவெளியில் பழைய வண்டிகளின் விலை ஏறிவிட்டது. இன்று 20 இலட்சம் போகும் பட்டாவைப் பொலிசியில் 11 இலட்சமாக வைத்திருந்தால், வண்டியின் 55 வீதத்துக்கு மட்டும்தான் நீங்கள் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறீர்கள் என்று பல பொலிசிகள் கணக்கெடுக்கும். 4 இலட்சம் சேதம் என்றால் கைக்கு வருவது 2 இலட்சத்து 20 ஆயிரம். மற்றப் பக்கமாக, பெறுமதியைக் கூட்டி 25 இலட்சம் என்று போட்டாலும் பிரயோசனம் இல்லை. சந்தை விலைக்கு மேலே தரமாட்டார்கள். புதுப்பிக்க முன்னம் உங்கள் வண்டியின் அதே வருடத்து மொடல் இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று வவுனியாவில் இரண்டு விற்பனை நிலையங்களில் விசாரியுங்கள்.

இரண்டு, பாவனை, அதாவது வண்டியை எதற்கு ஓடுகிறீர்கள் என்பது. இதில்தான் என் மனம் நொந்த ஒரு கதை இருக்கிறது. விசுவமடுப் பக்கம் உங்களைப் போலவே ஓடுகிற ஒருவர் இரவில் மாட்டில் மோதி முன்பக்கம் நொறுங்கிப் போய் என்னிடம் வந்தார். கிளெய்ம் மறுக்கப்பட்டிருந்தது. கடிதத்தை வாங்கிப் படித்தேன். பொலிசியில் 'சொந்தப் பொருள் ஏற்ற' என்று இருக்கிறது. விபத்தன்று ஆசனத்தில் கிடந்த பில்லோ வேறொரு வியாபாரியின் பெயரில். வாடகைக்கு ஓடுகிறேன் என்று சொன்னால் கட்டணம் கொஞ்சம் கூடும் என்று முகவர்தான் அப்படி எழுதியிருக்கிறார். கையெழுத்து இவருடையது, அதனால் பொறுப்பும் இவருடையதாகிவிட்டது. அந்தக் கடிதத்தை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். தம்பி, மற்றவர்களின் சாமான் ஏற்றுகிறீர்கள் என்றால் அதை விண்ணப்பத்தில் எழுதுவியுங்கள். அந்த 72,000 வாடகைப் பாவனைக்கான விலைதானா என்றும் கேளுங்கள். கூடினால் கூடட்டும்.

கட்டணத்தைக் குறைக்க நேர்மையான வழிகள் உண்டு. கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்கான கழிவு முழுதாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட்டு அந்தக் கழிவை இழக்க வேண்டாம். சேதத்தில் முதல் ஒரு தொகையை நானே ஏற்கிறேன் என்றால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலை எடுங்கள். லீசிங் இருந்தவரை அவர்கள் சொன்ன இடத்தில்தான் எடுத்திருப்பீர்கள், இனி அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் வாகனப் புத்தகத்தில் முழு உரித்தாளராக இன்னும் லீசிங் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். அவர்களிடம் கடிதம் வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்குங்கள், பொலிசியிலும் மாற்றுங்கள். வண்டி முழுதாகப் போனால் காசோலை யாருடைய பெயரில் வரும் என்பது இதில்தான் இருக்கிறது.

தட்டுப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கிழமையும் கிலோமீற்றருக்கு 2 ரூபா, அதாவது 1,200 ரூபாவைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். வருடத்தில் 60,000 சேரும். மச்சான் பரலுக்குக் கேட்ட அதே தொகை. வண்டி நிற்கிற கிழமைகளில் வீட்டுச் செலவுக்கு அது கைகொடுக்கும், ரயருக்கும் பற்றரிக்கும்கூட உதவும். அந்த 2 ரூபாவை எங்கே எடுப்பது? வாடகையில். உங்கள் வியாபாரிகளோடு இப்போதே பேசுங்கள்: டீசல் லீற்றருக்கு 20 ரூபா ஏறினால் கிலோமீற்றருக்கு ஒன்றரை ரூபா கூடும், இறங்கினால் அதே அளவு குறையும் என்று. விலை இறங்கும்போது நீங்களே முன்வந்து குறைத்துக் காட்டினால், ஏறும்போது ஒருவரும் முகம் சுழிக்க மாட்டார்கள். வவுனியாவில் இருந்து வெறும் வண்டியாகத் திரும்புகிற நாட்களை எண்ணிப் பாருங்கள். கிழமைக்கு ஒரு நாள் திரும்பும் சுமை பிடித்தாலே 1,200க்கு மேல் வந்துவிடும்.

மோட்டார் சைக்கிளுக்குத் தேர்ட் பார்ட்டியே போதும். ஓடாமல் நின்றாலும், திரும்ப வீதியில் இறக்குகிற அன்று இன்சூரன்சும் புகைப் பரிசோதனையும் வருமான அனுமதிப்பத்திரமும் கையில் இருக்க வேண்டும். அதன் பெறுமதிக்கு ஃபுல் எடுப்பது வீண் செலவு.