குழந்தைகள் பெரியவர்களைப் பின்பற்றித்தான் மொழி கற்கிறார்களா?

பின்பற்றல் தேவை; அது மட்டும் போதாது. இதற்கு நான் காட்டும் வலுவான சான்று மத்திய அமெரிக்க நாடான நிகராகுவா. 1977-இல் தலைநகர் மனாகுவாவின் சிறப்புப் பள்ளி ஒன்றில் காது கேளாத குழந்தைகள் ஒன்றுசேர்ந்தார்கள். ஆசிரியர்கள் கற்பிக்க முயன்றதோ உதட்டசைவையும் ஸ்பானிய மொழியையும். பிள்ளைகள் விளையாட்டுத் திடலிலும் பஸ்ஸிலும் தத்தம் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேசிக்கொண்டார்கள். பின்னால் வந்த சிறுவர்கள் அதை வாங்கி, இலக்கணமுள்ள முழு மொழியாகவே ஆக்கிவிட்டார்கள்! 'உருண்டு இறங்கியது' என்பதை மூத்தவர்கள் பெரும்பாலும் ஒரே அசைவில் காட்ட, இளையவர்கள் 'உருள்', 'இறங்கு' என்று பிரித்து அடுக்கினார்கள். அந்த இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்கப் பெரியவர் எவரும் இருக்கவில்லை.

அதற்காக, மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி சொன்ன, மொழிக்கான பிறவித் திறனே எல்லாம் என்று முடிவுகட்ட முடியாது. வீட்டில் தனித்து வளர்ந்த காது கேளாதவர்களிடம் இத்தகைய முழு மொழி உருவாகவில்லை. பேச்சுத்துணைக்கு இன்னொரு குழந்தை வேண்டியிருந்தது.